70 வயதுப் பாடகருக்கு ‘ஸ்கார்பரோ ஃபேர்’: சுருதியை இறக்குவதா, பாட்டையே விட்டுவிடுவதா?

பொன்மலை கிட்டார் எழுதியது:

வணக்கம். ஒரு பாட்டு விஷயமாக உங்கள் யோசனை வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 64. 1982 முதல் 1996 வரை ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தேன். எனக்கு கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் ரயில்வே காலனியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர். விரல்களால் தந்தியை மீட்டி வாசிக்க அவர் கற்றுத்தந்த முதல் பாட்டு ‘ஸ்கார்பரோ ஃபேர்’ என்ற ஆங்கில நாட்டுப்புறப் பாட்டு. கேப்போவை (தந்திகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கவ்வி) 7-ஆம் கட்டத்தில் மாட்டி, ஏ மைனர் பிடிகளை வைத்து வாசிக்கச் சொல்வார். 1984-ல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகும்போது அந்தக் கேப்போவை என்னிடமே கொடுத்துவிட்டார். அதன் ரப்பரை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

கல்யாணக் கச்சேரிகளில் மூன்றாம் பந்தி நடக்கும்போது முன்வரிசை காலியாகிவிடும். சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு அனுப்புகிறவர்களும் சாப்பிடப் போயிருப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எங்களுக்காக நாங்கள் வாசித்துக்கொண்ட பாட்டு இது. எங்கள் பாடகர் பாடுவார். நானும் ஒரு புல்லாங்குழலும் கூடப் போவோம். சமையல்காரர்கள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்று கேட்டதெல்லாம் உண்டு.

வருகிற தை மாதம் எங்கள் பாடகருக்கு 70 வயதுக்கான பீமரத சாந்தி. காலையில் திருக்கடையூரில் சடங்கு. மறுநாள் மாலை அவர் வீட்டு மொட்டை மாடியில் பழைய ஆட்கள் எல்லோரும் கூடி வாசிப்பதாக ஏற்பாடு. இந்தப் பாட்டு வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டார். போன மாதம் உட்கார்ந்து பார்த்தோம். பழைய சுருதியில் மேலே போகும் இடத்தில் குரல் நின்றுவிடுகிறது. மூச்சும் பாதி வரியில் தீர்ந்துவிடுகிறது. “சுருதியை இறக்கிப் பாடினால் அது அந்தப் பாட்டே இல்லை, விட்டுவிடலாம்” என்கிறார். அவருடைய மகன், ஒரிஜினலைப் போட்டுவிட்டு அப்பா கூடவே முணுமுணுத்தால் போதும் என்கிறார். எனக்கு இரண்டிலுமே மனம் ஒப்பவில்லை.

இதை மகளிடம் சொன்னேன். அவள் ஒரு பதிவை அனுப்பினாள். மார்ட்டின் கார்த்தி என்ற ஆங்கிலேயப் பாடகர் 84 வயதில், 2025-ல், இதே பாட்டைப் பாடியிருக்கிறார். கூடவே சித்தார். முதல் தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டேன். குரல் அவ்வளவு உடைந்திருந்தது. அமெரிக்க இரட்டையர் சைமன், கார்ஃபங்கல் பாடியதைத் தவிர வேறெதையும் நான் கேட்டதில்லை. ராத்திரி தூக்கம் வராமல் மறுபடி போட்டேன். இப்போது இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

இவர் யார்? 84 வயதில் எதற்காக மறுபடி பாடினார்? எங்கள் பாடகருக்கு இதில் ஏதாவது வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வடகடல் ஓரம் எழுதியது:

அண்ணா, உங்கள் பதிவைப் பார்த்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். பதினோரு வருடமாக யார்க்‌ஷயர் கடற்கரையில் நர்ஸ் வேலை. பாட்டில் வரும் ஸ்கார்பரோ எங்களுக்குச் சந்தைக்கும் பல் டாக்டருக்கும் போகும் ஊர்.

கார்த்தி பிறந்தது 1941 மே 21. இந்தப் பாட்டை அவர் 1965-ல் தன் முதல் ஆல்பத்திலேயே பாடிவிட்டார். 2025-ல் வந்த ஆல்பம் அந்த முதல் ஆல்பத்தின் பாட்டுகளுக்குத் திரும்பிப் போவது. சரியாக அவருடைய 84-ஆவது பிறந்தநாளில் வெளியிட்டார்கள். 2004-க்குப் பிறகு அவர் தனியாகச் செய்த ஆல்பம் இதுதான். சிறந்த ஆல்பத்துக்கு இங்கே கொடுக்கும் மெர்குரி பரிசின் அந்த ஆண்டு இறுதிப் பட்டியலிலும் வந்தது. அந்தப் பட்டியலில் இடம்பெற்றவர்களிலேயே வயதில் மூத்தவர் இவர்தான்.

நீங்கள் கேட்ட சைமன் பாட்டுக்கு இவர்தான் வழி. அறுபதுகளின் நடுவில் பால் சைமன் இங்கிலாந்து கிளப்களில் பாடிக்கொண்டிருந்தார். அப்போது கார்த்தியிடமிருந்து இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டார். கார்த்தியே வரிகளையும் பிடிகளையும் எழுதிக் கொடுத்தார். அதற்கும் முன்னால், 1962 கடைசியில் லண்டன் வந்த பாப் டிலனும் இவரிடம் இதைக் கேட்டிருக்கிறார். ‘கேர்ள் ஃப்ரம் த நார்த் கன்ட்ரி’ பாட்டில் “அங்கே வாழும் ஒருத்திக்கு என்னை நினைவூட்டு” என்று வருவது இங்கிருந்து போனதுதான். 1966-ல் சைமன், கார்ஃபங்கல் ஆல்பம் வந்தது. அதில் கார்த்தியின் பெயர் இல்லை. அந்த வருத்தம் அவருக்கு ரொம்ப வருடம் இருந்தது. 2000-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மேடைக்குச் சைமன் அவரைக் கூப்பிட, இருவரும் சேர்ந்தே இதைப் பாடினார்கள்.

கார்த்திக்கு முன்னாலும் ஒரு கை இருக்கிறது. அவர் இதை எடுத்தது நாட்டுப்புறப் பாடகர்கள் யுவன் மக்கால், பெக்கி சீகர் இருவரும் 1960-ல் தொகுத்த பாட்டுப் புத்தகத்திலிருந்து. டீஸ்டேல் பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்ற மார்க் ஆண்டர்சன் என்பவர் 1947-ல் பாடிக் காட்டியது என்று அதில் இருக்கிறது. உங்களைப் போலவே பணிமுடித்த ஒரு தொழிலாளியின் வாயிலிருந்து வந்த பாட்டு அண்ணா இது. அவருக்குக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கார்த்தி இந்தக் கரையிலேயே, ராபின் ஹுட்ஸ் பே என்ற ஊரில் நெடுங்காலமாக வாழ்கிறார். ஸ்கார்பரோவுக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டர். செங்குத்தான ஒரே தெரு, இரண்டு பக்கமும் சிவப்பு ஓட்டு வீடுகள், இறங்கினால் நேராகக் கடல். ஸ்கார்பரோவிலிருந்து அந்த வழியாக விட்பி போகும் ரயில் 1965-ல் நின்றுபோனது. தண்டவாளத்தைப் பெயர்த்த பாதையில் இப்போது நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். லண்டனில் 24 வயதில் “ஸ்கார்பரோ சந்தைக்குப் போகிறாயா” என்று அவர் பாடியபோது அது எங்கோ தூரத்து ஊர். 84 வயதில் பாடும்போது பக்கத்து ஊர்.

அவருடைய மனைவி நார்மா வாட்டர்சன். ஹல் நகரத்துக்காரர். அவரும் பெரிய பாடகி. 1972-ல் திருமணம், மகள் எலைசாவும் பாடகி, வயலினும் வாசிப்பவர். மூவரும் சேர்ந்து பல வருடம் பாடினார்கள். 2022 ஜனவரியில் நார்மா இறந்துபோனார். அதற்குப் பிறகு வந்த பதிவு இது. “ஒரு காலத்தில் அவள் என் உண்மைக் காதலியாக இருந்தாள்” என்ற வரி 1965-ல் பிரிந்துபோன ஒரு பெண்ணைப் பற்றியது. இப்போது அது எனக்கு அப்படிக் கேட்கவில்லை. அவர் என்ன நினைத்துப் பாடினாரோ, அது அவருக்குத்தான் தெரியும். நான் முதன்முதலில் கேட்டது இரவு ஷிப்ட் முடிந்து மேட்டு நிலத்துச் சாலையில் காரில் வரும்போது. அந்த வரியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

உங்கள் பாடகரைப் பாடச் சொல்லுங்கள் அண்ணா. சுருதி விவரமெல்லாம் எனக்குத் தெரியாது, அதைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் பின்னால் ஒரிஜினலைப் போட்டுவிட்டு முணுமுணுப்பது மட்டும் வேண்டாம்.

---

நாலாம் தந்தி எழுதியது:

சார், நான் வயலின் ஆசிரியர். சுருதிப் பக்கத்தை நான் பார்க்கிறேன்.

இந்த மெட்டின் ஸ்வரங்கள் நம் கரகரப்ரியாவின் ஸ்வரங்கள். மேலைநாட்டில் டோரியன் என்பார்கள். ராகம் என்று சொல்லிவிட முடியாது, கமகம் கிடையாது. ஆனால் ஸ்வரஸ்தானங்கள் அவையேதான். அந்தச் சதுஸ்ருதி தைவதத்தை (‘த’ ஸ்வரம்) நீக்கிவிட்டு சுத்த தைவதம் போட்டுப் பாருங்கள், பாட்டின் முகமே மாறிவிடும். சைமன், கார்ஃபங்கல் பாடும் மெட்டில் முதல் நான்கு வரிகளில் அந்த தைவதம் ஒரே ஒரு தடவைதான் வருகிறது. பார்ஸ்லி, சேஜ், ரோஸ்மேரி, தைம் என்று மூலிகைகளை அடுக்கும் வரியில், ரோஸ்மேரியின் வாலில்.

இப்போது உங்கள் சிக்கல். “நினைவூட்டு” (ஆங்கிலத்தில் ‘ரிமெம்பர்’) என்று தொடங்கும் மூன்றாம் வரியைப் பாருங்கள். நேராக மேல் ஷட்ஜத்தில் ஏறி நிற்கிறது. அங்கிருந்து ஒரே மூச்சில் நி, ப, ம, க, ரி என்று படியிறங்கி மந்திர நிஷாதத்தில் (கீழ் ஸ்தாயி ‘நி’) போய் உட்காருகிறது. பாட்டின் மொத்த வீச்சும் அந்த ஒரே வரிக்குள் இருக்கிறது. உங்கள் நண்பர் நிற்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும். மேலே எட்டவும் வேண்டும், கீழே போகும்போது மூச்சு மிச்சமும் இருக்க வேண்டும். எந்த வயதான குரலுக்கும் இது கஷ்டமான வரி.

கேப்போ 7-ல் ஏ மைனர் பிடி என்றால் நீங்கள் வாசித்தது 3 கட்டை சுருதி. அதே பிடிகளை மாற்றாமல் கேப்போவை மட்டும் 3-ஆம் கட்டத்துக்கு இறக்குங்கள். 1 கட்டை வந்துவிடும். உங்கள் விரல்களுக்குப் புதிதாக எதுவும் பழக வேண்டாம். 7-ல் கிடைக்கும் மணிச்சத்தம் போய்விடும், அது உண்மை. பதிலுக்குக் கிட்டாரின் வயிற்றிலிருந்து வரும் கனமான நாதம் கிடைக்கும். குரல் கனத்த பிறகு கூட வாசிக்க அதுதான் துணை. 1 கட்டையிலும் சிரமமாக இருந்தால் கேப்போ 2 போடுங்கள். அதற்குக் கீழே போக வேண்டாம், மந்திர நிஷாதம் காதில் விழாது.

மூச்சுக்கு ஒரு வழி. மூன்றாம் வரியை “அங்கே” என்ற சொல்லுக்கு (ஆங்கிலத்தில் வரியின் கடைசியில் வரும் ‘தேர்’) முன்னால் உடைத்துக்கொள்ளட்டும். நீங்கள் கிட்டாரில் அந்த இடத்தை நிரப்பாதீர்கள். சும்மா விடுங்கள். நிரப்பினால் அவர் உங்களைத் துரத்த வேண்டியிருக்கும்.

கார்த்தியின் கிட்டாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வாத்தியத்தில் பிடிகளை அடுக்குவதைவிடப் பாட்டின் மெட்டையே தந்தியில் கூடவே எடுத்துக்கொண்டு போவார். நம் கச்சேரியில் வயலின் வாய்ப்பாட்டின் பின்னாலேயே போகிறதே, அந்த மாதிரி. கட்டைவிரல் அடி பலமாக இருக்கும், தாளம் அங்கே இருக்கும். தந்திகளையும் பிற்பாடு சி, ஜி, சி, டி, ஜி, ஏ என்று மாற்றிக் கட்டிக்கொண்டார். அதில் அடித்தந்தி வழக்கத்தைவிட மிகவும் தளர்ந்து தம்புரா மாதிரி ஒலிக்கும். அப்படிப்பட்டவர் பாட்டுக்குச் சித்தார் வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. வாசித்திருப்பவர் ஷீமா முகர்ஜி, சித்தார் மேதை நிகில் பானர்ஜியின் உறவுக்காரப் பெண். அவரும் கார்த்தியும் ‘இமேஜின்ட் வில்லேஜ்’ என்ற குழுவில் முன்பே சேர்ந்து வாசித்தவர்கள். அழகுக்காகக் கடைசி நேரத்தில் ஒட்டவைத்த சித்தார் அல்ல அது.

---

கேசட் காலம் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். நான் மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன். மனதில் பட்டதைத்தான் சொல்கிறேன், யாரையும் புண்படுத்த அல்ல.

எனக்கு 1966 பதிவுதான் பாட்டு. இரண்டு குரல்கள், ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைப்பலகை வாத்தியம், அடியில் ஓடும் இரண்டாவது மெட்டு. அந்த இரண்டாவது மெட்டில் போர்க்களமும் சிப்பாயும் வருகிறார்கள். சைமன் அதற்கு முன்பு தனியாகப் பாடிய ஒரு போர் எதிர்ப்புப் பாட்டிலிருந்து எடுத்துக் கோத்த வரிகள் அவை. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு பழைய நாட்டுப்புறப் பாட்டை எடுத்து அந்தக் காலத்தின் துக்கத்தை அதற்குள் வைத்தார்கள். அந்த வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

இரண்டாவது, இது இளையவர்களின் பாட்டு. ஊசியும் தையலும் இல்லாமல் கேம்ப்ரிக் என்ற மெல்லிய துணியில் சட்டை செய், மழைத்துளி விழாத கிணற்றில் துவை, ஆதாம் பிறந்ததிலிருந்து பூக்காத முள்மரத்தில் உலர்த்து என்று ஒருவரையொருவர் சீண்டுகிற இரண்டு பேர். 70 வயதில் அந்தச் சீண்டல் வருமா? உங்கள் நண்பருக்கு அவர் குரலுக்கு இன்றைக்கு ஒத்துவரும் ஆயிரம் பாட்டு இருக்கிறது. அதில் ஒன்றைக் கம்பீரமாகப் பாடட்டும். பழைய பாட்டு பழைய ஞாபகமாகவே அழகாக இருக்கட்டுமே.

---

வடகடல் ஓரம் எழுதியது:

கேசட் காலம் சார், உங்கள் முதல் கருத்தை ஏற்கிறேன். 1966 பதிவை நானும் நேசிக்கிறேன். கார்த்தியே பின்னாளில் இந்தப் பாட்டு தனக்குச் சொந்தமில்லை, அது ஊர்ப் பாட்டு என்று பேசியிருக்கிறார்.

இரண்டாவது கருத்தை ஏற்க முடியவில்லை. சைமன் பதிவில் பெண்ணின் பதிலாக எதுவும் வராது, பழைய பாடங்களில் அது உண்டு. பெண் பதிலுக்குக் கேட்கிறாள்: கடல்நீருக்கும் கரைமணலுக்கும் நடுவே ஒரு ஏக்கர் நிலம் கண்டுபிடி, ஆட்டுக்கடாவின் கொம்பால் உழு, ஒரே ஒரு மிளகை நிலம் முழுக்க விதை, அப்புறம் வந்து சட்டையைக் கேள். சீண்டல்தான். ஆனால் முடியாத வேலைகள் இளையவர்களுக்கு மட்டும் உரியவை இல்லையே சார். நான் வேலை செய்வது முதியோர் வார்டில். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள அரைமணி நேரம் போராடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். உதவிக்குக் கை நீட்டினால் தட்டிவிடுவார்கள். தையல் இல்லாத சட்டை என்று கார்த்தி பாடும்போது எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

அந்தச் சந்தையும் அப்படித்தான். 1253-ல் மூன்றாம் ஹென்றி அரசர் பட்டயம் கொடுத்துத் தொடங்கியது. ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 29 வரை, 45 நாள் நடக்கும். 1788-ல் நின்றுவிட்டது. இல்லாத சந்தைக்குப் போகிறாயா என்று இருநூறு வருடத்துக்கும் மேலாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணா, இன்னொருவரையும் கேளுங்கள். ஷெர்லி காலின்ஸ். 1935-ல் பிறந்தவர், சசெக்ஸ் பக்கத்துப் பாடகி. எழுபதுகளின் கடைசியில் மனம் உடைந்த நேரத்தில் குரல் தொண்டையை விட்டு வராமல் போய்விட்டது. டிஸ்போனியா என்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் மேடையில் பாடவில்லை. 2014-ல் லண்டனில் ஒரு தேவாலய அரங்கில் இரண்டே இரண்டு பாட்டு பாடினார். 2016-ல், 81 வயதில், 38 வருட இடைவெளிக்குப் பிறகு ஒரு முழு ஆல்பம். ஸ்டூடியோவுக்குப் போகத் தைரியமில்லாமல் தன் வீட்டிலேயே வைத்துப் பதிவு செய்தார். பழைய குரல் வெள்ளிக்கம்பி மாதிரி இருக்கும். இது எவ்வளவோ கீழே, கரகரவென்று இருக்கிறது. அந்தக் குரலை மறைக்க அவர் எதுவும் செய்யவில்லை. இதை உங்கள் நண்பருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

---

பொன்மலை கிட்டார் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கேசட் காலம் சாருக்கும் சேர்த்துத்தான். அவர் சொன்னதைத்தான் எங்கள் பாடகரும் சொல்லிக்கொண்டிருந்தார், அதனால் அது எனக்குப் புதிதில்லை.

நேற்று மாலை அவர் வீட்டுக்குக் கிட்டாரோடு போனேன். எதையும் சொல்லாமல் முதலில் ஷெர்லி காலின்ஸைப் போட்டேன். ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கார்த்தி. சித்தார் வந்ததும் தலை நிமிர்ந்தார். முடிந்ததும், “வயசு என்ன?” என்று கேட்டார். 84 என்றேன். “மூச்சு எங்கே எடுக்கிறான் பாரு” என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

நாலாம் தந்தி சார் சொன்னபடி கேப்போவை 3-ல் மாட்டினேன். நாற்பது வருடமாக 7-ல் கேட்ட காதுக்கு அது வேறு பாட்டு மாதிரிதான் இருந்தது. அவரும் முகம் சுளித்தார். ஆனால் மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டார். நடுங்கியது, இருந்தாலும் ஸ்வரம் சரியாக நின்றது. “அங்கே” என்ற சொல்லுக்கு முன்னால் நிறுத்தினார். நான் கையைத் தந்தியில் வைத்தபடி சும்மா இருந்தேன். அது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. விரல் தானாகப் போகிறது. மூன்றாவது தடவைதான் பழகியது.

மூலிகை வரியில் அந்த ஒரே தைவதத்தை அவர் இத்தனை வருடமும் கொஞ்சம் இறக்கித்தான் பாடியிருக்கிறார் என்று நேற்றுதான் கண்டுபிடித்தோம். பிடிவாதமாகப் பத்து தடவை பாடிச் சரிசெய்தார். அவருடைய மகன் வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரிஜினல் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

வடகடல் தங்கை எழுதியிருந்த பெண்ணின் பதில் வரிகளையும் பாடப் போகிறோம். அதைப் பாட எங்கள் பாடகர் தன் மனைவியைக் கேட்டிருக்கிறார். கோயிலில் திருப்புகழ் பாடுகிறவர், நல்ல சாரீரம். ஆனால் அவருக்கு 5 கட்டை. நாலாம் தந்தி சார், 1 கட்டையிலிருந்து நடுவில் எப்படி மாறுவது? கேப்போவைக் கழற்றி மாட்ட நேரம் இருக்காது. கூட இன்னொரு கிட்டார் இருந்தால் முடியுமா, இல்லை அவர் பகுதியைத் தம்புராவோடு மட்டும் விட்டுவிடலாமா? புல்லாங்குழல்காரர் ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரிலிருந்து வருகிறார். அதற்குள் சொன்னால் நன்றாக இருக்கும்.